சைக்கிளில் அடிபட்டோருக்குச் சட்டம் துணை வந்த வரலாறு



வரலாறு என்று சொன்னவுடன் நம் மாணவர்கள் மன்னர்களையும் போர்களையும் நினைத்துக்கொள்கிறார்கள். இன்றைய உரையில் மன்னரும் இல்லை, போரும் இல்லை. சைக்கிளில் சென்ற ஒரு தொழிலாளியை மோட்டார் வாகனம் மோதித் தள்ளிவிட்டால், அவனுக்காகச் சட்டத்தின் முன் பேச யார் வருவார் என்பதே நம் கேள்வி. அதற்குரிய விடை ஒரே நாளில் வந்துவிடவில்லை. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு சட்டங்களின் வழியாகத் துண்டு துண்டாக வந்தது. வந்த பின்னும் தோட்டத்து லயத்தை எட்டுவதற்கு மேலும் காலம் பிடித்தது.

ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த நாளில், பால்வெட்டுத் தொழிலாளிக்குக் குதிரையும் வண்டியும் எல்லாம் சைக்கிள்தான். விடியுமுன் பெரட்டில் பேர் கொடுக்க வேண்டும். பின்னால் வாளிகள், முன்னால் சோற்றுத் தூக்கு. தோட்டத்துச் செம்மண் பாதையில் தொடங்கும் பயணம், சில இடங்களில் பெருஞ்சாலையைக் கடந்துதான் வெட்டுக்காட்டைச் சேரும். டைனமோ விளக்கோ சக்கரம் சுழலும் வரைதான் எரியும். மேட்டில் இறங்கித் தள்ளினால் அணைந்துவிடும். அதே சாலையில் மர லாரிகளும் வெளியூர்ப் பேருந்துகளும் இருட்டோடு இருட்டாக விரைந்துகொண்டிருக்கும். விபத்து நேர்ந்தால், அடிபட்டவனிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்தது: "உன் சைக்கிளில் விளக்கு எரிந்ததா?"

சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பின்னே ஒன்றரை நூற்றாண்டுச் சட்ட வரலாறு இருக்கிறது. நம் நாட்டு நீதிமன்றங்கள் பின்பற்றிய ஆங்கிலப் பொதுச் சட்டத்திலிருந்து அது வந்தது. 1809-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. டார்பி என்னும் ஊரில் ஃபாரஸ்டர் என்பவர் தம் வீட்டைப் பழுது பார்ப்பதற்காகச் சாலையின் குறுக்கே ஒரு கம்பத்தைப் போட்டிருந்தார். வீடுகளில் மெழுகுவத்தி ஏற்றத் தொடங்கும் அந்தி நேரத்தில், மதுக்கடையிலிருந்து புறப்பட்ட பட்டர்ஃபீல்டு என்பவர் குதிரையை மூர்க்கமாக விரட்டி வந்து கம்பத்தில் மோதி விழுந்தார். சாலையை மறித்தது தவறுதான்; ஆனால் கவனமாக வந்திருந்தால் கம்பம் கண்ணில் பட்டிருக்குமே என்றது நீதிமன்றம். பட்டர்ஃபீல்டுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அடிபட்டவன் பக்கம் சிறு குற்றம் இருந்தாலும் அவன் கோரிக்கை முழுவதும் விழுந்துவிடும் என்பது அன்றிலிருந்து நிலைத்த விதியாயிற்று.

எவ்வளவு கொடுமையான விதி! மோட்டார்காரன் பக்கம் பத்தில் ஒன்பது பங்கு தவறு இருந்தாலும், சைக்கிள்காரன் பக்கம் ஒரு பங்கு இருந்தால் அவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். இதன் கடுமையை முதலில் குறைத்தது ஒரு கழுதை என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். முன்னங்கால்கள் கட்டப்பட்டுச் சாலையில் மேயவிடப்பட்டிருந்த கழுதையின் மீது ஒரு வண்டி வேகமாக ஏறிக் கொன்றுவிட்டது. கழுதையைச் சாலையில் விட்டது சரியன்று. ஆயினும் வண்டிக்காரன் சற்றே கவனித்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று 1842-இல் தீர்ப்பாயிற்று. கழுதையின் சொந்தக்காரர் வென்றார். ஆனால் இது விதிக்கு ஒரு விலக்குத்தான், விதி போய்விடவில்லை.

அந்த விதி இங்கிலாந்தில் 1945-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் முறிந்தது. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அதே மாற்றத்தைச் சொல்கிறது. அடிபட்டவன் மீதும் தவறு இருந்தால் வழக்கு விழாது. அவன் தவறின் அளவுக்கு நட்ட ஈடு குறையும், அவ்வளவுதான். 10,000 வெள்ளி நட்ட ஈடு என்று கணித்து, விளக்கில்லாமல் வந்ததற்காக ஐந்தில் ஒரு பங்கு அவன் பொறுப்பு என்று நீதிபதி கண்டால், 8,000 வெள்ளி அவனுக்கு உண்டு. சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டில் எழுதப்பட்ட இந்தச் சிறிய பிரிவு, தோட்டத்துச் சைக்கிள்காரருக்குச் செய்த நன்மையை நம் பாடநூல்கள் எதுவும் சொல்வதில்லை. "விளக்கில்லை, ஆகவே வழக்கில்லை" என்று நினைத்துப் போலீஸ் நிலையத்துப் பக்கமே போகாமல் இருந்தவர்கள் அதன் பின்னும் ஏராளம்.

சரி, வழக்கில் வென்றாயிற்று. பணம் யார் தருவது? லாரியோட்டியும் நம்மைப் போல் கூலிக்காரன்தானே. வேலை நேரத்தில் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பு என்ற விதி ஒரு வழி. அதைவிட உறுதியான வழி காப்புறுதி. பிறருக்கு நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் காப்புறுதி எடுக்காமல் சாலையில் வாகனம் செலுத்தக்கூடாது என்று இங்கிலாந்து 1930-இல் சட்டம் செய்தது. மலாயாவின் 1958-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும் இக்கட்டாயம் இருந்தது. அதற்குப் பின் வந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. ஓட்டுநர் மீது தீர்ப்புக் கிடைத்தால் அதன் தொகையைக் காப்புறுதி நிறுவனம் செலுத்தியாக வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை: வழக்குத் தொடுப்பதற்கு முன்னரோ, தொடுத்த 7 நாள்களுக்குள்ளோ நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் தாமே பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்பட்டவர்கள் தடுக்கி விழும் இடம் இது. காப்புறுதியே எடுக்காத வாகனம் மோதினால் என்ன செய்வது என்ற கேள்விக்காக, 1960-களின் இறுதியில் மேற்கு மலேசியாவில் காப்புறுதி நிறுவனங்கள் கூடி ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தின.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "போலீஸ்தான் அவன்மேல் கேஸ் போட்டுவிட்டதே, பணம் தானாக வரும்" என்று பெற்றோர் பலர் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். வராது. போலீஸ் நடத்துவது தண்டனை வழக்கு. நட்ட ஈடு கேட்பது வேறு வழக்கு. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் விடியற்காலை சைக்கிள்களில் திரண்டிருந்த பதின்ம வயதினர் மீது கார் மோதி எட்டுப் பேர் மாண்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கீழ் நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்தது. 2022-இல் உயர் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. இத்தனை ஆண்டுகள் நடந்தது தண்டனை பற்றிய விவாதம் மட்டுமே. நட்ட ஈட்டு வழக்கில் கேள்வியும் வேறு, நிரூபிக்க வேண்டிய அளவும் வேறு.

இனி, எல்லாவற்றிலும் கடினமான படிக்கு வருவோம். சட்டம் இருக்கிறது, காப்புறுதி இருக்கிறது. லயத்திலிருந்து வழக்கறிஞர் அலுவலகம் வரை யார் அழைத்துப் போவது? வெகுகாலம் இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தரகர்கள். போலீஸ் நிலையத்தருகிலும் மருத்துவமனை வார்டிலும் காத்திருப்பார்கள். பழமும் மைலோ டின்னும் வாங்கி வந்து கட்டிலருகே உட்கார்ந்து, "அண்ணே, இதில ஒரு கையெழுத்துப் போடுங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள். கிடைப்பதில் பாதி அவர்களுக்கு. நம் பள்ளி மாணவன் ஒருவனின் தந்தை இப்படித்தான் எழுதாத தாளில் கையெழுத்திட்டார். கணுக்கால் நொறுங்கிய அவர் கையில் கடைசியாக வந்து சேர்ந்தது, மூன்று மாதச் சம்பளத்துக்கும் குறைவான தொகை. மீதி எங்கே போயிற்று என்று கேட்க அவரிடம் ஒரு தாளின் நகல்கூட இல்லை. வழக்கில் பங்கு பேசி வேலை எடுப்பதை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. தடை இருக்கிறது, தரகரும் இருக்கிறார்.

காசில்லாதவருக்கு அரசே வழக்கறிஞரைத் தரும் ஏற்பாடு இங்கிலாந்தில் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. இந்த வட்டாரத்தில் அதை முந்திச் செயல்படுத்தியது சிங்கப்பூர். 1956-இல் சட்டம் இயற்றி, 1958-இல் சட்ட உதவிப் பணியகத்தைத் திறந்தது. மலேசியாவில் 1970-இல் பணியகம் தோன்றி, 1971-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தால் உறுதி பெற்றது. இன்று அது ஓர் அரசுத் துறை. வருமானத்தைப் பார்த்து உதவி வழங்கும். 1980-களில் வழக்கறிஞர் மன்றமும் தன் உறுப்பினர்களின் சந்தாவைக் கொண்டு சட்ட உதவி மையங்களை நடத்தத் தொடங்கியது. அங்கே ஆலோசனை கேட்கப் போகிறவர் அடையாளக் கார்டையும் போலீஸ் புகாரின் நகலையும் மருத்துவமனைத் தாள்களையும் கொண்டு போனால் பேச்சு உடனே தொடங்கிவிடும். சைக்கிளைப் பழுது பார்த்த கடைச் சீட்டும், மருத்துவமனைக்குப் போய்வந்த டாக்சிக் கூலிச் சீட்டும் பணமாகும். நம்மவர்கள் இவற்றைச் சட்டைப் பையிலேயே துவைத்துவிடுகிறார்கள்.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டவருக்கு இன்னொரு கதவும் உண்டு. 1952-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம், யார் தவறு என்று கேளாமல் முதலாளியைப் பணம் தரச் செய்தது. ஆனால் அது வேலையில் நேர்ந்த விபத்துக்குத்தான். பின்னர் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொக்சோ 1971-இல் செயல்படத் தொடங்கியது. தொடக்கத்தில் மாதம் 500 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரர்களுக்காக ஏற்பட்டது அது. இன்று வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் சொக்சோ ஏற்கிறது. லாரியா சைக்கிளா என்று பார்ப்பதில்லை. வழியில் சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பியிருந்தால்தான் சிக்கல். சொக்சோ பணம் வாங்கிவிட்டதால் மோதியவர் மீது வழக்குப் போட முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். சொந்த முதலாளி மீதும் அவருடைய ஆள்கள் மீதும் வழக்குப் போடுவதற்குத்தான் சட்டம் தடை விதிக்கிறது. யாரோ ஓர் அந்நியர் மோதியிருந்தால் அவர் மீது தொடரலாம்.

சட்டம் எப்போதும் ஏழையின் பக்கமே நகர்ந்து வந்தது என்று சொல்வதற்கில்லை. 1984-இல் சிவில் சட்டம் திருத்தப்பட்டபோது, அடிபட்ட நாளில் சம்பாதித்துக்கொண்டிருந்தவருக்கே எதிர்கால வருமான இழப்பு உண்டு, அதுவும் 55 வயதை எட்டாதவருக்கே உண்டு என்று வரையறுத்தார்கள். 2019-இல் அந்த வயது 60 ஆயிற்று. நட்ட ஈடு கட்டுக்கடங்காமல் பெருகினால் காப்புறுதிக் கட்டணம் ஏறும் என்பது ஒரு வாதம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சைக்கிளில் பள்ளிக்கு வரும் பிள்ளை எங்கே சம்பாதிக்கிறது? வாழ்நாள் முழுதும் கால் ஊனமானாலும், வேதனைக்கும் மருத்துவச் செலவுக்கும் பராமரிப்புக்கும் கேட்கலாமே தவிர, இழந்துபோன எதிர்காலச் சம்பளத்தைக் கேட்க அப்பிள்ளைக்கு வழி அடைபட்டது.

பிள்ளைகளுக்குச் சட்டம் காட்டும் சலுகை காலத்தில்தான். மேற்கு மலேசியாவில் காயத்துக்கான வழக்கை ஆறு ஆண்டுகளுக்குள்ளும், மரணத்துக்கான வழக்கை மூன்று ஆண்டுகளுக்குள்ளும் தொடுக்க வேண்டும். சிறுவர் காயப்பட்டால் அந்த ஆறாண்டுக் கணக்கு 18 வயதுக்குப் பின்னரே ஓடத் தொடங்கும். அதுவரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. தாயோ தந்தையோ அவர்கள் சார்பில் வழக்காடலாம். சாலை விபத்து வழக்குகளுக்குத் தொகை வரம்பின்றித் தீர்ப்பளிக்கும் அதிகாரம் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு உண்டு.

அப்படி ஒரு வழக்குக்காக நாமும் ஒருமுறை வருகைப் பதிவேட்டைச் சுமந்துகொண்டு செஷன்ஸ் நீதிமன்றம் சென்றோம். நான்காம் ஆண்டு மாணவன். பள்ளி விட்டுச் சைக்கிளில் திரும்பும்போது கார் மோதித் தொடை எலும்பு முறிந்தது. பதிவேட்டில் இரண்டரை மாதம் வரிசையாகச் சிவப்பு மையில் வட்டங்கள். "விபத்துக்கு முன்பும் இவன் கணக்கில் குறைந்த மதிப்பெண்தானே வாங்கினான்?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். ஆமாம், ஆனால் முன்பு பந்து விளையாட்டில் முதலில் ஓடுபவன் அவன்தான் என்றோம். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டு, பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கினார். அடுத்த தவணைக்கு முன்பே காப்புறுதி நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. சிறுவனின் வழக்கென்பதால் தொகை நியாயமானதுதானா என்று நீதிமன்றம் பார்த்து ஒப்புதல் கொடுத்த பின்னரே சமரசம் செல்லுபடியாயிற்று. மருத்துவச் செலவைத் தாயிடம் கொடுத்துவிட்டு, மீதியை அவனுக்கு 18 வயது ஆகும் வரை அவன் பெயரில் வைப்பில் போடச் சொன்னார்கள்.