இல்லக் கணினியும் ஏடு பெயர்ப்பும்

சிங்கப்பூருக்குக் கணினி வந்த வரலாற்றை எழுதப் புகுவோர், 1963-ஆம் ஆண்டில் மத்திய சேம நிதிக் கழகம் அப்பொறியைத் தன் கணக்குப் பணிக்குக் கொணர்ந்ததிலிருந்து தொடங்குவர். அடுத்து, 1981-இல் தேசியக் கணினி வாரியம் அமைந்ததைக் கூறுவர். இவை அரசின் ஏடுகளில் உள்ள செய்திகள். அப்பொறி அலுவலகத்தை விட்டு வீட்டு மேசைக்கு வந்த பின்னர், அதைத் திறந்து, தூசி துடைத்து, பழுது பார்த்து, புதுக்கிப் புதுக்கிப் பேணியவர் யாவர், அப்பேணுதலால் தமிழுக்கு விளைந்தது யாது என்னும் வினாக்கள் அவ்வேடுகளில் இடம்பெறுவதில்லை. ஏறத்தாழ 1985 முதல் 2005 வரையிலான இருபது ஆண்டுகளில், இந்நகரத்துத் தமிழர் வீடுகளில் கணினியைப் பேணும் வேலை தமிழ் எழுத்தைப் பேணும் வேலையாகவும் இருந்தது என்பது என் துணிபு. அதனை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் தேக்காச் சந்தை. அங்கிருந்து ரோச்சோர் கால்வாயைக் கடந்தால் பத்து நிமிட நடைக்குள் சிம் லிம் சதுக்கம். 1987-இல் திறக்கப்பட்ட அவ்வடுக்குமாடி அங்காடி, சில ஆண்டுகளிலேயே கணினி உறுப்புகளுக்குப் பெயர் பெற்றுவிட்டது. அதன் அண்மையில் ஜாலான் புசார் முனையிலுள்ள சிம் லிம் கோபுரம் மின்னணுச் சிற்றுறுப்புகள் விற்கும் இடம். இன்னும் சற்று நடந்தால், 2017 ஜூலை 10 அன்று மூடப்படும் வரை, பழம்பொருள்கள் தரையில் விரித்து விற்கப்பட்ட சுங்கை சாலைச் சந்தை. ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க வந்த குடும்பத் தலைவர், அதே பயணத்தில் ஒரு நினைவக அட்டையும் வாங்கித் திரும்ப முடிந்தது. கடைதோறும் அச்சிட்ட விலைப்பட்டியல் தருவார்கள். நான்கைந்து பட்டியல்களை ஒப்பிட்டு, தாய்ப்பலகை ஒரு கடையிலும், வன்வட்டு மற்றொரு கடையிலுமாக வாங்கி, வீட்டில் தாமே பூட்டிக்கொள்வது நடுத்தரக் குடும்பங்களின் சிக்கன வழி. மென்பொருளுக்கும் அத்தகைய 'சிக்கனம்' ஒன்று இருந்தது. 1987-இல் பதிப்புரிமைச் சட்டம் வருமுன் வட்டுகளைப் படியெடுத்து விற்ற கடைகள் இந்நகரில் மலிந்திருந்தன. அதைப் பெருமையாகக் கூறுவதற்கில்லை.

பழுதுபார்க்கும் கடையிலிருந்து உலகளாவிய தொழில் ஒன்று தோன்றியதும் இந்நகரில்தான். சிம் வோங் ஹூ 1981-இல் சைனாடவுன் பகுதியிலுள்ள பேர்ல்ஸ் சென்டரில் நண்பரோடு தொடங்கியது கணினி பழுதுபார்க்கும் சிறு கடை. அவர்களுடைய நிறுவனமாகிய கிரியேட்டிவ் 1989-இல் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலியட்டை உலகெங்கும் விற்றது. அதைப் பொருத்த விரும்பியவர் பெட்டியைத் திருகுளியால் திறக்க வேண்டும். அட்டையின் ஊசிமுனைகள்மேல் மாட்டியுள்ள 'ஜம்பர்' எனும் சிறு மூடிகளை இடம் மாற்றிக் குறுக்கீட்டு எண்ணை அமைக்க வேண்டும். தொடக்ககால அட்டை 7 என்னும் எண்ணோடு வந்தது. அச்சுப்பொறிக்கு வழக்கமாக உரிய எண்ணும் அதுவே. இரண்டும் முட்டிக்கொண்டால் தவறு எங்கென்று தேடுவது வீட்டாரின் பொறுப்பு. 1995-க்குப் பின் வந்த விண்டோஸ் பதிப்புகள் இவ்வேலையைத் தாமே செய்யத் தொடங்கின.

நம் தட்பவெப்பமும் வேலையைப் பெருக்கியது. ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் ஈரப்பதத்தில் நெகிழ்வட்டுகள் பூசணம் பிடித்தன. நினைவக அட்டையின் தொடுமுனைகளில் படிந்த மாசைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து நீக்குவது பலர் அறிந்த கைவைத்தியம். சூட்டால் விரிந்தும் குளிர்ந்து சுருங்கியும் செருகுகுழியிலிருந்து மெல்ல எழும்பிவிடும் சில்லுகளை விரலால் அழுத்தி உட்காரவைப்பதும் அவ்வகையினதே. தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்துபோனால் கணினி தன் பிறந்த தேதிக்கே திரும்பிவிடும்.

இவை எல்லா மொழியினருக்கும் பொது. தமிழருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை இருந்தது. அக்காலக் கணினி ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களையே ஒதுக்கியது. முதல் 128 ஆங்கிலத்துக்குப் போயின. எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகள் எவ்வாறு அடங்கும்? ஆகவே கொம்பு, கால், விசிறி என எழுத்தைக் கூறுபடுத்தி, ஒவ்வோர் ஆக்குநரும் தத்தம் விருப்பப்படி இடமளித்தனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கி வந்த முரசு ஒரு முறையைக் கொண்டது. சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய ஆசிரியரும் சிறுகதை எழுத்தாளருமாகிய நா. கோவிந்தசாமியின் 'கணியன்' வேறு முறையைக் கொண்டது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் வழங்கிய 'மயிலை' மற்றொன்று. ஒன்றில் தட்டச்சிட்ட பாடக்குறிப்பை மற்றொன்றில் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள் நிரம்பியிருக்கும்.

இதன் விளைவை ஆசிரியர்கள் எளிதில் உணர்வார்கள். வன்வட்டைத் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது அந்நாளில் ஆண்டுக்கொருமுறை செய்யும் சடங்கு போன்றது. அதைச் செய்தவர் எழுத்துருக் கோப்பைத் தனி வட்டில் எடுத்துவைத்து மீண்டும் ஏற்ற மறந்தால், அவர் எழுதியவை அனைத்தும் வன்வட்டில் இருந்தும் படிக்க இயலாதவை ஆயின. பொருள் அழியாமலே படிக்கும் திறவுகோல் தொலைந்துபோகும் நிலை அது.

இம்முடிச்சை அவிழ்க்க முயன்ற நகரங்களுள் சிங்கப்பூர் முன்னணியில் நின்றது. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங், நான்கு மொழிகளிலுமான சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்றை இணையத்தில் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர்கள் கோவிந்தசாமியும், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்து டான் டின் வீயும் ஆவர். 1997 மே மாதம் அப்பல்கலைக்கழகத்தில் முதல் தமிழிணைய மாநாடு கூடியது. அதற்கு முந்திய மாதம்தான் கல்வி அமைச்சு, பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்திருந்தது. ஆசிரியர் வீட்டுக் கணினிக்கும் பள்ளிக் கணினிக்கும் இடையே கோப்புகள் போய்வரும் தேவை இதனால் வளர்ந்தது. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு விசைப்பலகைக்கு ஒரு பொது அமைப்பைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டரசு 'டாப்', 'டாம்' எனும் குறியீட்டு முறைகளை ஏற்றது. இணைய ஆர்வலரிடையே 'திஸ்கி' பரவியது. பொதுமை வேண்டிப் புறப்பட்டவர்கள் மூன்று பொதுமைகளோடு திரும்பினர் என்று நகைப்பதற்கும் இடமுண்டு. அவ்வாண்டு மே 26 அன்று கோவிந்தசாமி மறைந்தார். 2000 ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரில் மாநாடு கூடியபோது 'உத்தமம்' என்னும் உலகளாவிய மன்றம் உருவாயிற்று.

தீர்வு ஒருங்குறி வழியே வந்தது. 1991-இலேயே அதில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், வீட்டுக் கணினியில் அது தோன்ற விண்டோஸ் 2000 வெளிவரும்வரை காத்திருக்க நேர்ந்தது. 2001-இல் வந்த எக்ஸ்பி பதிப்பிலும் தமிழ் தானாக எழவில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்துக்குச் சென்று, மொழிப் பகுதியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தைக் குறியிட்டு, நிறுவுவட்டைச் செருகி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். செய்யாவிடில் 'கெ' என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னே போய் நிற்கும். எத்தனை பெற்றோர் இதனைத் தமிழின் குறையென எண்ணியிருப்பர்! குறை, குறியிடாத ஒரு சிறு கட்டத்தில் இருந்தது.

அதன்பின்னரும் பழைய கோப்புகள் பழைய முறையிலேயே கிடந்தன. அவற்றை மாற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய முறைகள் 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் எனப் பதித்தன. ஒருங்குறியோ ககரத்தை முன்வைத்து ஒகரக் குறியைப் பின்வைக்கிறது. ஆகவே வெறும் எண்மாற்றம் போதாது. வரிசையையும் திருப்ப வேண்டும். மாற்றும் மென்பொருள்கள் வந்தன. ஆயினும் ஆங்கிலம் கலந்த பக்கங்களில் அவை ஆங்கிலத்தையும் சிதைத்தன. ஆதலால் மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினாலன்றிப் பணி முடியாது.

நம் முன்னோர் நைந்த ஏட்டைப் புத்தோலையில் பெயர்த்தெழுதியது இத்தகைய பணியே. மையும் எண்ணெயும் பூசி ஓலையைக் காத்தனர். காத்தும் நைந்தபோது, பெயர்த்தெழுதிவிட்டுப் பழையதை ஆடிப் பெருக்கில் ஆற்றில் விட்டனர். பெயர்த்தெழுத ஆளில்லாத நூல்கள் ஆற்றோடு போயின. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முதலானோர் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட பழந்தமிழ் நூல்கள் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்குப் பெயர்க்கப்பட்டதால் இன்றும் கிடைக்கின்றன. வீட்டு ஆசிரியரின் சிறுகதைக்கும் வினாத்தாளுக்கும் அப்படிப்பட்ட குழு இல்லை. அவரே செய்தால் உண்டு.

2015-இல் சிங்கப்பூரின் பொன்விழாவையொட்டி, தேசிய நூலக வாரியமும் தமிழ்த் தன்னார்வலர்களும் இணைந்து இந்நாட்டுத் தமிழ் இலக்கிய நூல்கள் 350-ஐ மின்வடிவாக்கினர். அரும்பணி. அச்சிட்ட தாள் எஞ்சியிருந்ததால் அது கைகூடியது. அச்சேறாமல் வட்டிலேயே தங்கிய எழுத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை.

இன்று இயங்குதளம் இரவோடிரவாகத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தபோது, பல இல்லங்கள் மீண்டும் ஒருமுறை கணினி மாற்றின. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் அலமாரிகளில் இன்னும் நெகிழ்வட்டுகள் உள்ளன. அவற்றைப் படிக்கும் புறக்கருவி இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. திஸ்கியை ஒருங்குறியாக்கும் மென்பொருள் இலவசம். பூசணம் படர்ந்த வட்டுக்கோ கருவியுமில்லை, மென்பொருளுமில்லை.