யாருக்குக் கடுமையான நிலம்?

அமெரிக்க மரைன் படையின் பயிற்சிப் படங்களை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். எட்டுச் சில்லுக் கவச வாகனம் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாலைவனத்தில் பாயும். கீழே அநேகமாக ஒரே மாதிரியான குறிப்புத்தான்: ‘கடுமையான சூழலில் பயிற்சி’. அடுத்த படத்தில் அதே வாகனம் நோர்வேயின் பனிக்குள் நிற்கும். அதுவும் ‘கடுமையான சூழல்’. சூழல் வரலாறு பற்றி ஓர் ஒப்படை எழுதப்போய் இந்தச் சொல்லில்தான் மாட்டுப்பட்டேன். ஒரு நிலத்தைக் கடுமையானது எண்டு சொல்லுறது ஆர்? அப்படிச் சொல்லிவிட்டால் அங்கே நடக்கிற சாவுகளின் பழி எங்கே போய்ச் சேருகிறது?

மரைன் எண்டால் எங்களுக்குத் தூரத்து விசயம் எண்டும் இல்லை. 2016இல் இலங்கைக் கடற்படை தனக்கென்று ஒரு மரைன் பிரிவை உருவாக்கியபோது அவர்களோடு பயிற்சி செய்ய அமெரிக்க மரைன்கள் திருகோணமலைக்கு வந்தார்கள். அந்தக் கதையை இன்னொரு நாளைக்கு வைப்பம். இந்தக் கட்டுரை கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இருக்கிற டுவென்ரிநைன் பாம்ஸ் என்ற இடத்தையும், எல்.ஏ.வி.-25 என்ற வாகனத்தையும் பற்றியது.

இடத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘இருபத்தொன்பது பனைகள்’. அங்கே ஓர் ஊற்று இருந்தது. அதைச் சுற்றி வாழ்ந்த செரானோ பழங்குடி மக்கள் அந்த இடத்தை மாரா என்று அழைத்தார்கள். சிறிய ஊற்றுக்களும் நிறையப் புல்லும் உள்ள இடம் என்று அதற்குப் பொருள். ஓர் ஆண்பிள்ளை பிறக்கும்போதெல்லாம் ஒரு பனை நடச்சொல்லி அவர்களுடைய வைத்தியர் சொன்னதாகவும், முதல் வருடத்திலேயே 29 பனைகள் நட்டதாகவும் ஒரு கதை இருக்கிறது. (பெண்பிள்ளைகளுக்கு என்ன நட்டார்கள் எண்டு கதை சொல்லவில்லை!) விசிறி மாதிரி ஓலை விரிக்கிற மரங்கள் அவை, எங்கட பனைக்குத் தூரத்துச் சொந்தம். கதை எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் அந்த நிலத்துக்குப் பெயர் வைத்தவர்களின் கண்ணுக்கு அங்கே முதலில் தெரிந்தது தண்ணீரும் புல்லும்தான்.

இன்னொரு விசயம் என்னை நிறைய யோசிக்க வைத்தது. முதலாம் உலகப் போரில் நச்சுவாயு பட்டு நுரையீரல் பழுதாகிய படையினரை 1920களில் பசடீனா நகரத்து வைத்தியர் ஒருவர் இந்த இடத்துக்குத்தான் அனுப்பினார். ஜேம்ஸ் லக்கி என்பது அவருடைய பெயர். வறண்ட, தூய காற்று அவர்களுக்கு நல்லது என்பது அவருடைய கணிப்பு. வந்தவர்கள் காணி எடுத்துக் குடியேறினார்கள், இன்றைய ஊர் அவர்களோடுதான் வளர்ந்தது. அதாவது போரால் பழுதாகிய உடம்புகளைத் தேற்றுவதற்கென்று தேடிப்போன நிலம் இது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இராணுவம் அங்கே கிளைடர் விமானப் பயிற்சி நடத்தியது. 1952இல் மரைன்கள் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அது கடுமையான சூழல் ஆகியது.

தளத்தின் பரப்பு சுமார் 2,400 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டம் இரண்டை அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். இதுவும் காணாது என்று 2013இன் இறுதியில் பக்கத்து ஜோன்சன் பள்ளத்தாக்கையும் எடுத்துக்கொள்ள காங்கிரஸ் அனுமதித்தது. அந்த விரிவாக்கத்துக்காக 2017இல் ஆயிரத்துக்கும் அதிகமான பாலைவன ஆமைகளைப் பிடித்து, ஹெலிகொப்டரில் ஏற்றி, வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வெறும் நிலம் எண்டு சொல்லப்பட்ட இடத்தில் இத்தனை ஆமை.

வாகனத்தின் கதை 1979இல் ஈரானில் தொடங்குகிறது. புரட்சி நடந்து, தூதரகத்தில் அமெரிக்கர்கள் பணயக்கைதிகளாகப் பிடிபட்ட பிறகு, வளைகுடாவுக்கு விரைவாகப் படை அனுப்ப வழியில்லையே என்று வாஷிங்டன் பதறியது. 1980 மார்ச்சில் விரைவு நகர்வுப் படையணி ஒன்றை அமைத்தார்கள். கனத்த டாங்கிகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கிழமைக்கணக்காகும். விமானத்தில் ஏற்றக்கூடிய இலேசான கவச வாகனம் ஒன்று தேவைப்பட்டது. சுவிஸ் நாட்டு மோவாக் நிறுவனத்தின் பிரான்யா வடிவத்தை வைத்து, கனடாவின் ஒன்ராறியோவில் இருக்கும் லண்டன் நகரத்து ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலை கட்டிய வாகனம் 1982இல் தெரிவாகியது. மரைன் படை மொத்தம் 758 வாகனங்கள் வாங்கியது.

எடை 13 தொன் அளவில். றோட்டில் மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடும். 25 மில்லிமீற்றர் பீரங்கி. தண்ணீரில் மிதந்து போக இரண்டு சுழலிகள் வேறு. பாலைவனத்துக்காக அவசரப்பட்டு வாங்கிய வாகனம் நீந்தவும் பழகியிருந்தது என்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருந்தது. இலேசு என்பதற்கு ஒரு விலையும் உண்டு. அதன் கவசம் துப்பாக்கிச் சன்னத்தையும் செல் சிதறலையும்தான் தாங்கும். டாங்கிக் குண்டோ ஏவுகணையோ பட்டால் அவ்வளவுதான். ஆகவே இதன் வேலை நின்று சண்டை பிடிப்பது அல்ல. முன்னால் போய், பார்த்து, செய்தி சொல்லி, தப்பி வருவது.

பார்ப்பதற்கென்றே உள்ள இந்த வாகனத்துக்குள் இருந்து பார்ப்பது பெரிய கஷ்டம். சாரதி முன்பக்கம் இடதுபுறத்தில், எஞ்சினை ஒட்டி இருக்கிறார். மேல்மூடியைச் சாத்தினால் சில சிறிய பெரிஸ்கோப்புகள் வழியாகத் தெரிவதுதான் அவருடைய உலகம். பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்பதை மேலே கோபுரத்தில் இருக்கிற கட்டளை அதிகாரி சொல்லவேண்டும். இன்னொருவர் சூட்டாளர். பின்னால் கண்காணிப்பு வீரர்கள் நான்கு பேர் அளவில். மொஹாவியில் கோடையில் வெளியே 40 பாகையைத் தாண்டும், உருக்குப் பெட்டிக்குள் இன்னும் கூட. முன்னால் போகிற வாகனத்தின் புழுதி பின்னால் வருகிறவரின் கண்ணை மறைக்கும். மணல் வந்தால் எட்டுச் சில்லுக்கும் விசையை மாற்றவேண்டும், கெட்டித் தரையில் நான்கு போதும். இதையெல்லாம் பழக்கத்தான் பாலைவனம். 1970களின் நடுப்பகுதியிலிருந்து அங்கே நடந்த பெரிய கூட்டுப் பயிற்சிகளில் பீரங்கி, விமானம், காலாட்படை எல்லாம் உண்மையான குண்டுகளோடு ஒன்றாகச் செயற்படப் பழகின.

பிறகு உண்மையான பாலைவனம் வந்தது. 1991 ஜனவரி 29 இரவு, சவூதி – குவைத் எல்லையில் ‘கண்காணிப்பு நிலை 4’ என்ற இடத்தில் எல்.ஏ.வி. அணி ஒன்று காவல் இருந்தது. ஈராக்கிய டாங்கிகள் எல்லையைத் தாண்டி வந்தன. இருட்டில், டாங்கி எதிர்ப்பு ஏவுகணை பொருத்திய எல்.ஏ.வி. ஒன்றின் சூட்டாளர் முன்னால் தெரிந்த உருவத்தை எதிரி டாங்கி என்று நினைத்துச் சுட்டார். அது அவர்களுடைய இன்னொரு எல்.ஏ.வி. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். கொஞ்ச நேரத்தில், உதவிக்கு வந்த அமெரிக்க ஏ-10 விமானம் ஏவிய மவரிக் ஏவுகணை இன்னொரு எல்.ஏ.வி.யைத் தாக்கியது. ஏழு பேர் இறந்தார்கள். சாரதி மட்டும் வெளியே தூக்கி எறியப்பட்டுத் தப்பினார்.

அன்றிரவு அந்த நிலையில் செத்த 11 மரைன்களில் ஒருவர்கூட ஈராக்கியரின் கையால் சாகவில்லை. அந்தப் போர் முழுவதிலும் அமெரிக்கத் தரப்பில் சண்டையில் இறந்தவர்களில் 35 பேர், கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு, சொந்தப் படையின் சூட்டிலேயே இறந்தார்கள். வெயிலைச் சமாளிக்கப் பழகியிருந்தார்கள், மணலைச் சமாளிக்கப் பழகியிருந்தார்கள். இருட்டில் தன்னுடைய ஆளை அடையாளம் காணுவது அந்தப் பழக்கத்துக்குள் போதியளவு வரவில்லை. அந்தச் சாவுகளை மணலின் கணக்கில் எழுத ஏலாது.

இரண்டாவது ஈராக் போர் வந்தபோது மொஹாவி இன்னொரு வேடம் போட்டது. 2005இலிருந்து ‘மொஹாவி வைப்பர்’ என்ற பெயரில் நடந்த பயிற்சிக்காகப் பாலைவனத்தில் ஈராக்கிய ஊர் மாதிரிக் கட்டடங்களை எழுப்பினார்கள். அரபு பேசுகிறவர்களைச் சம்பளத்துக்கு எடுத்து ஊர்ப் பெரியவராகவும் கடைக்காரராகவும் நடிக்க விட்டார்கள். அவர்களில் ஈராக்கிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர்களும் இருந்தார்கள். யோசித்துப் பாருங்கோ. தன்னுடைய ஊரை விட்டு வந்த ஒருவர், அந்த ஊரைப் போலச் செய்த ஊரில், அந்த ஊருக்குச் சண்டைக்குப் போகப்போகிற பெடியனுக்கு முன்னால் நின்று ஊரவனாக நடிக்கிறார். செரானோக்களின் நிலம் ஈராக்காக நடிக்கிறது. இவர்கள் எல்லோருக்குமே அது ‘கடுமையான சூழல்’ என்ற தலைப்பின் கீழ்த்தான் வருகிறது. ஃபலூஜாவில் பிறந்த பிள்ளைக்கு அது வீட்டு முற்றம்.

நோர்வேயும் அப்படித்தான். 1980களிலிருந்து மரைன்களின் தளபாடங்கள் அங்கே மலைக்குகைகளில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. பயிற்சிக்குப் போகிற மரைன்களைப் பனிக்கட்டியில் வெட்டிய குழிக்குள், உறைகிற தண்ணீரில் இறக்கி, தானாக ஏறி வரச் சொல்லுவினம். அதே குளிரில் உள்ளூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள்.

2019 மே மாதம், கலிபோர்னியாவின் இன்னொரு தளமான கேம்ப் பென்டில்டனில், பயிற்சியின்போது எல்.ஏ.வி. ஒன்று உயரமான புல் மறைத்திருந்த ஒரு பள்ளத்தில் விழுந்து கவிழ்ந்தது. கோபுரத்தில் நின்ற இளம் அதிகாரி இறந்தார். வயது 24. என்னை விட இரண்டு வயதுதான் கூட. எதிரி இல்லை, பனி இல்லை, 40 பாகை வெயில் இல்லை. புல்லும் ஒரு குழியும். அவருடைய குடும்பம் சும்மா இருக்கவில்லை, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது.

அமெரிக்க காங்கிரஸின் கணக்காய்வு அமைப்பான அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2021 ஜூலையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2010 முதல் 2019 வரையான பத்து நிதியாண்டுகளில் இராணுவத்திலும் மரைன் படையிலும் சண்டைக்கு வெளியே நடந்த வாகன விபத்துகள் 3,753. இறந்தவர்கள் 123 பேர். அடிக்கடி வந்த காரணங்கள் சாரதியின் கவனக்குறைவு, மேற்பார்வைக் குறைபாடு, பயிற்சிப் போதாமை. பயிற்சி நிலங்களில் எங்கே என்ன ஆபத்து இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, வருகிற அணிகளுக்குச் சொல்வதிலும் குறைகள் இருப்பதாக அது எழுதியது.