பத்தாயிரம் இணைப்புகள்

வலைத்தளங்களுக்கான முதல் சர்வர் மென்பொருள்கள் பெருங்கூட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர், வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒரு பிராசஸைத் தொடங்கியது. பக்கம் போய்ச் சேர்ந்ததும் அது முடிந்துபோகும். அதன் நிரலைத் திருத்தித் திருத்தி 1995-இல் உருவான அப்பாச்சி, பிராசஸ்களை முன்கூட்டியே தொடங்கித் தயாராக வைத்துக்கொண்டது. ஆனால் ஓர் இணைப்புக்கு ஒரு பிராசஸ் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை. பின்னாளைய தட்டுப்பாடுகளில் பெரும்பகுதிக்கு வேர் இதுதான்.

பிராசஸ்களின் எண்ணிக்கைக்கு அப்பாச்சி வைத்த உச்சவரம்பின் அன்றைய பெயர் மேக்ஸ்கிளையன்ட்ஸ். வழக்கமான மதிப்பு 256. வரம்பு நிரம்பினால், அதை உயர்த்திப் பார்க்கலாம் என்று பிழைப்பதிவிலேயே ஒரு வரி விழும். அதை நம்பி உயர்த்தியவர்கள் ஏராளம். ஆனால் பிஎச்பி சேர்ந்த ஒரு பிராசஸ் 20 எம்பி நினைவகம் பிடித்தால், 256 பிராசஸ்களுக்கே 5 ஜிபி வேண்டும். இருப்பதோ 1 ஜிபி என்றால், மிச்சம் ஹார்டு டிஸ்க்கின் ஸ்வாப் பகுதிக்குப் போகும். அங்கே போனதும் ஒவ்வொரு பதிலும் தாமதமாகும். தாமதத்தால் காத்திருப்போர் கூடுவார்கள். கூடியவர்களுக்காக இன்னும் பிராசஸ்கள் எழும். கடைசியில் நிர்வாகியே உள்ளே நுழைய முடியாத அளவுக்கு இயந்திரம் உறைந்துபோகும். சரியான மருந்து நேர் எதிரானது: சர்வருக்கு ஒதுக்கக்கூடிய நினைவகத்தை ஒரு பிராசஸின் அளவால் வகுத்து, வரும் எண்ணுக்கு வரம்பைக் குறைப்பது. 800 எம்பிக்கு 40 பிராசஸ். நாற்பது பேரை விறுவிறுவென்று அனுப்பிவைக்கும் சர்வர், இருநூறு பேரை வைத்துக்கொண்டு திணறும் சர்வரைவிட அதிகம் பேருக்குப் பதில் சொன்னது.

இன்னொரு கோளாறு, நினைவகமும் சிபியுவும் ஓய்வாக இருக்கும்போதே வந்தது. 1997-இல் வெளியான எச்டிடிபி 1.1, பதில் அனுப்பிய பிறகும் இணைப்பைத் திறந்தே வைப்பதை வழக்கமாக்கியது. அடுத்த கோரிக்கைக்காக அப்பாச்சி 15 விநாடி காத்திருந்தது. அதுவரை அந்த பிராசஸ் வேறு யாருக்கும் உதவாது. சாப்பிட்டவர் எழாமல் உட்கார்ந்திருக்க, அடுத்த பந்திக்காரர்கள் வாசலில் நிற்கும் நிலை. ஒவ்வொரு பிராசஸின் நிலையையும் ஓர் எழுத்தால் காட்டும் அப்பாச்சியின் ஸ்கோர்போர்டில், வரிசை வரிசையாக 'கே' என்ற ஆங்கில எழுத்து நிறைந்திருந்தால் நோய் இதுதான் என்று பிடித்துவிடலாம். 2.2 பதிப்பில் காத்திருப்பு 5 விநாடியாகக் குறைக்கப்பட்டது.

1999-இல் டான் கெகல் இந்தச் சிக்கலுக்கு சி10கே என்று பெயரிட்டு, ஒரே இயந்திரம் பத்தாயிரம் பேரை ஒரே நேரத்தில் கவனிக்க முடியாதா என்று கேட்டார். வன்பொருளுக்கு அந்தத் திறன் வந்துவிட்டது, பின்தங்கியது மென்பொருள்தான். ஒரே பிராசஸ் பல இணைப்புகளைக் கவனிக்க செலக்ட் என்ற வழி முன்பே இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுவதையும் துழாவியது. லினக்ஸில் 1024-க்கு மேல் தாங்கவும் இல்லை. தயாரான இணைப்புகளை மட்டும் எடுத்துத் தரும் கேக்யூ 2000-இல் ஃப்ரீபிஎஸ்டியில் வந்தது. அதே பணியைச் செய்யும் ஈபோல், 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6 வழியாகப் பரவலானது. ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் பணியாற்றிய இகோர் சிசோயெவ் 2002-இல் எழுதத் தொடங்கி 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், இந்த வசதிகளின் மீதே எழுந்தது. பலர் அதை அப்பாச்சிக்கு முன்னால் நிறுத்தினார்கள். மெதுவான இணைப்புக்காரர்களுக்குப் பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும் வேலை அதனிடம் போக, கனமான பிராசஸ்கள் உடனே விடுபட்டன.

தட்டுப்பாடு அத்துடன் ஒழியவில்லை, இடம் மாறியது. லினக்ஸ் ஒவ்வொரு இணைப்பையும் திறந்த கோப்பாகவே எண்ணுகிறது. ஒரு பிராசஸுக்கு வழக்கமான வரம்பு 1024. முன்னால் நிற்கும் சர்வரோ ஒரு வாசகருக்காக வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு இணைப்புகளைத் திறக்கும். உள்ளே திறப்பதற்கு லினக்ஸ் ஒதுக்கும் போர்ட்டுகள் சுமார் 28,000. மூடிய பிறகும் ஒவ்வொன்றும் 60 விநாடி முடங்கியிருக்கும். அதனால் உள் இணைப்புகளை மூடாமல் மறுபடி பயன்படுத்தும் வழக்கம் வேரூன்றியது. அப்பாச்சியும் மாறியது: 2012-இல் வந்த 2.4 பதிப்பில், காத்திருக்கும் இணைப்புகளைத் தனியே ஒரு த்ரெட் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. சர்வர் ஏற்கும்வரை இணைப்புகள் காத்துநிற்கும் வரிசைக்கு லினக்ஸ் வைத்திருந்த 128 என்ற வரம்பு, 2019-இல் வெளியான 5.4 பதிப்பில் 4096 ஆனது.