பட்டியலில் இல்லாதவர்கள்

மணிக்கு 25 சென்ட். அதாவது கால் டாலர். அமெரிக்கா முழுமைக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது நிர்ணயித்த தொகை அவ்வளவுதான். 1938 ஜூன் 25 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். அக்டோபரில் அமலுக்கு வந்தது. 'தொலைந்தது, இனி யாருக்கும் வேலை கொடுக்க முடியாது' என்று முதலாளிகள் அலறினார்கள்.

அந்த அலறலில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. டெக்சாஸ் மாநிலத்து சான் ஆன்டோனியோ நகரைப் பாருங்கள். பீக்கன் என்றொரு கொட்டை. வால்நட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதை உடைத்துப் பருப்பெடுக்கும் வேலையில் சுமார் 12,000 பேர். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். வாரம் முழுக்க உடைத்தாலும் இரண்டு, மூன்று டாலர் தேறினால் பெரிய விஷயம். உடைப்பதற்கு மெஷின் இல்லாமல் இல்லை. மனுஷக் கை அதைவிட மலிவாகக் கிடைத்ததால், 1920களில் மெஷினை ஓரங்கட்டியிருந்தார்கள். 25 சென்ட் கட்டாயம் என்றதும் மெஷின் திரும்பி வந்தது. சில வருடங்களுக்குள் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று.

அப்படியென்றால் சட்டம் தப்பா? அவசரப்படாதீர்கள். நிஜமான ஓட்டை வேறு இடத்தில் இருந்தது.

நாட்டின் உழைப்பாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைத்தான் அந்தச் சட்டம் தொட்டது. வயலில் வேலை செய்கிறவருக்குக் கிடையாது. வீட்டு வேலை செய்கிறவருக்குக் கிடையாது. தென் மாநிலங்களில் பெரும்பாலான கறுப்பின மக்களின் பிழைப்பே இந்த இரண்டில்தான். அந்த மாநிலங்களின் உறுப்பினர்கள் ஓட்டுப் போடாமல் மசோதா தேறாது. சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள். சட்டத்தில் 'கறுப்பர்' என்ற வார்த்தையே இல்லை. தேவைப்படவில்லை!

28 வருடம் கழித்து, 1966-ல், ஜான்சன் ஆட்சியில் ஒரு திருத்தம். பெரிய பண்ணைகள், ஹோட்டல்கள், சலவைக் கூடங்கள், ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் உள்ளே வந்தன. புதிதாக வந்தவர்களுக்கு மறுவருடம் பிப்ரவரியிலிருந்து மணிக்கு 1 டாலர். கறுப்பினத் தொழிலாளர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் இந்தத் துறைகளில்தான் இருந்தார்.

இந்த முறை வேலை போயிற்றா? எலோரா டெரெனோன்கூர், கிளேர் மொன்தியாலு என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் பழைய கணக்குகளைப் புரட்டி, 2021-ல் விடை சொன்னார்கள். பெரிய இழப்பு எதுவும் இல்லை. அந்த வருடங்களில் வெள்ளையர் - கறுப்பர் சம்பள இடைவெளி குறைந்தது அல்லவா, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் திருத்தத்தின் உபயம்.

ஆக, வேலை போகுமா என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். பட்டியலில் இல்லாதவருக்கோ கூலி உயர்வு என்ற பேச்சே கிடையாது. அமெரிக்க வீட்டு வேலைக்காரப் பெண்கள் 1974 வரை வெளியேதான் நின்றார்கள்.

குறைந்தபட்சக் கூலி என்று இனி எங்கே படித்தாலும், 'எவ்வளவு?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'யாருக்கெல்லாம் கிடையாது?' என்றும் கேளுங்கள்.