லயமும் முதுமையும்: கம்போங் ராஜாவும் உள்ளாட்சியின் எல்லையும்

மனிதனுக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என மூன்றாகக் கூறுவது நம் முன்னோர் மரபு. இம்மூன்றனுள் முதலிரண்டையும் தன் கை உழைப்பால் தேடிக்கொண்ட மலாயாத் தோட்டத் தமிழன், மூன்றாவதை மட்டும் தனதென்று சொல்லும் நிலையை நெடுங்காலம் எய்தவில்லை. அவன் குடியிருந்த வீடு அவன் வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. வேலை உள்ளவரை வீடு உண்டு. வேலை ஓய்ந்த அன்று வீடும் ஓய்ந்தது. முதுமை என்பது உடல் தளர்ச்சியோடு நில்லாமல் உறைவிட இழப்பாகவும் அவனுக்கு அமைந்தது. இந்நிலை தோன்றிய வரலாற்றையும், தோட்டத்து வாசலில் உள்ளாட்சி மன்றங்கள் தயங்கி நின்ற காரணத்தையும் அறிவதற்குக் கேமரன் மலையின் வடகோடியிலுள்ள கம்போங் ராஜா வட்டாரம் தக்கதொரு சான்றாகும்.

மலை திறந்த வரலாறு

1885ஆம் ஆண்டு அரசு நில அளவையாளரான வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியைக் கண்டறிந்து குறித்தார். அவர் பெயரே மலைக்கும் நிலைத்தது. ஆயினும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தக் குறிப்பு ஏட்டளவிலேயே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் காட்டிய ஊக்கத்திற்குப் பின்னரே மலைவாழிடமாக்கும் திட்டம் உருப்பெற்றது. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1930களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸல் என்பார், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்ன் என்பாருடன் சேர்ந்து போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் அகர்வால் குடும்பத்தார் பாரத் தோட்டத்தை நிறுவினர். வடக்கே உலு தெலோம் முக்கிமில், கம்போங் ராஜாவை அடுத்துப் புளூ வேலித் தோட்டம் உருவாயிற்று.

இத்தோட்டங்களில் காடு திருத்தி, சரிவுகளில் படி வெட்டி, கொழுந்து கிள்ளிய கைகளுள் மிகப்பல தமிழர் கைகள். சமவெளியில் பால்மரத் தோட்டங்களில் நிலவிய அமைப்பே மலைமேலும் ஏறியது. துரை, கிராணி, தண்டல், கங்காணி என்னும் படிநிலையும், விடியலில் பெரட்டுக் களமும், வரிசை வரிசையாக லயங்களும், ஒரு கோயிலும், ஒரு தமிழ்ப்பள்ளியும், ஓர் ஆயாக்கொட்டகையும் சேர்ந்ததே தோட்டம் என்னும் சிற்றுலகம். அவ்வுலகில் சாலையும் குடிநீரும் விளக்கும் நிருவாகத்தின் கையிலேயே இருந்தன. வெளியே நகராண்மை என ஒன்று இருப்பதை அங்கு வாழ்ந்தோர் உணர வேண்டிய தேவையே எழவில்லை.

லயங்களுக்கு வந்த சட்டம்

தோட்டத் தொழிலாளரின் உறைவிடம் சட்டத்தின் பார்வைக்கு முற்றிலும் அப்பாற்பட்டதாக இருந்தது என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, லயங்களையும் தண்ணீரையும் மருத்துவ வசதியையும் பார்வையிடும் அதிகாரத்தைத் தொழிலாளர் அலுவலர்க்கும் சுகாதார அலுவலர்க்கும் வழங்கியது. 1925 முதல் இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்ந்து தோட்டங்களைச் சென்று கண்டார். 1936ஆம் ஆண்டின் இறுதியில் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார்.

விடுதலைக்குப் பின்னர் 1966இல் தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் பிறந்தது. அதனை நீக்கி 1990இல் வந்த 446ஆம் சட்டம், தோட்டத் தொழிலாளர்க்கு வீட்டையும் அடிப்படை வசதிகளையும் வழங்கும் கடமையை முதலாளி மேல் வைத்தது. இச்சட்டங்கள் யாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மேற்பார்வை தொழிலாளர் இலாகாவினுடையது, காக்கப்படுபவர் ‘தொழிலாளர்’. அச்சொல்லுக்குள் அடங்கும் வரையில்தான் ஒருவருக்கு அச்சட்டத்தின் நிழல் கிட்டியது. ஐம்பத்தைந்து வயதில் பெயர்ப்பட்டியலிலிருந்து நீங்கிய முதியவர், அன்றே அந்நிழலிலிருந்தும் நீங்கினார். அவரை உடன் வைத்துக்கொள்ள மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலை செய்தால்தான், பழைய லயத்துத் திண்ணை அவருக்கு மிஞ்சியது.

முதுமைக்கு இருந்த இடம்

குடியேற்றக் காலத்தில் தோட்ட முதலாளிகளின் முதுமைக் கொள்கை எளிமையானது. உழைக்க இயலாதவன் கப்பலேறித் தாயகம் திரும்ப வேண்டும் என்பதே அது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்னும் பெயரால் தொடங்கிப் பின்னர் இந்தியர் குடியேற்ற நிதியாக வளர்ந்த அமைப்பு, முதலாளிகளிடம் பெற்ற வரித்தொகையிலிருந்து ஆள் கொணரும் செலவை ஏற்றது. நோயுற்றோரையும் தளர்ந்தோரையும் திருப்பி அனுப்பும் செலவும் அதனுடையதே. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இவ்வாறு திரும்பினர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. இனிப் புது ஆள் வாரான் என்ற நிலை தோன்றவே, இருந்தவர்கள் இந்நாட்டிலேயே முதுமை எய்தலாயினர். முதுமை ஓர் உள்நாட்டுச் சிக்கலாகியது அப்போதுதான்.

1958இல் அந்நிதி தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றப்பட்டது. ஆதரவற்ற முதிய தொழிலாளர்க்கு இல்லம் நடத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. பின்னர் 1999இல் அந்நிதியைக் கலைக்கும் சட்டம் நிறைவேறியது. தொழிலாளரின் பெயரால் திரண்ட நிதி, தொழிலாளர் முதுமை பெருகத் தொடங்கிய காலத்தில் மறைந்தது கருதத்தக்க முரணாகும்.

இதற்கிடையே வேறு சில ஆதரவுகளும் தோன்றின. 1951இல் ஊழியர் சேமநிதி தொடங்கியது. ஆயின் சேமநிதி ஊதியத்தின் நிழல். குறைந்த ஊதியத்தின் நிழல் நீண்டதாக இருக்க முடியாது. ஓய்வு பெற்றவர் கையில் கிடைத்த தொகை ஒரு மகளின் திருமணத்திற்கோ ஊர்ப்பயணத்திற்கோ போதுமானதாக இருந்திருக்கலாம். மலைமேல் ஒரு வீடு வாங்குவதற்கு அது போதவில்லை. 1970களில் தோட்டத் தொழிலாளர்க்குச் சொந்த வீடு என்னும் குரல் எழுந்தபோதும், அத்திட்டம் எல்லாத் தோட்டங்களையும் எட்டவில்லை.

தோட்டத்திற்குள் முதியோர்க்கென இருந்த இயல்பான பணியிடம் ஆயாக்கொட்டகை ஒன்றே. கொழுந்துக் கூடை சுமக்க இயலாத மூதாட்டி தொட்டில் ஆட்டினாள், தாலாட்டினாள், கதை சொன்னாள். அவள் பெற்றது சிறு கூலி. அவளால் தோட்டம் பெற்றதோ ஒரு தலைமுறையின் மொழி. தமிழாசிரியர் வகுப்பறையில் எழுத்தைத் தொடங்குமுன் தமிழைத் தொடங்கி வைத்தவள் அவளே. இத்தகையோர் முதுமையில் எங்கு உறைந்தனர் என்னும் வினா வெறும் வீட்டு வசதி வினாவன்று.

உள்ளாட்சி நின்ற எல்லை

இந்நாட்டு உள்ளாட்சி வரலாற்றில் ஒரு தமிழர் பெயர் நிலைத்திருக்கிறது. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டே மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் இயக்கத்தை ஆராய, ம.இ.கா. தலைவர்களுள் ஒருவரான செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. 1968இல் அவ்வாணையம் அளித்த அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே உள்ளாட்சிக்கு உயிர் என வலியுறுத்தியது. அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் 171ஆம் சட்டமாகிய ஊராட்சி மன்றச் சட்டம், உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைநிறுத்தியது. கேமரன் மலை மாவட்ட மன்றமும் இம்முறைப்படியே இயங்குகிறது.

இம்மன்றங்களுக்கு அதிகாரம் குறைவன்று. தொல்லை தரும் சுகாதாரக் கேட்டை அகற்றச் செய்யலாம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி கட்டட வரைபடத்தை ஒப்பலாம் அல்லது மறுக்கலாம். இடர் மிகுந்த கட்டடத்தின் மேல் நடவடிக்கை எடுக்கலாம். எனினும் தோட்டம் தனியார் நிலம் என்னும் கருத்து நீண்ட காலம் வேலியாக நின்றது. கம்பங்களுக்குச் சென்ற ஊர் மேம்பாட்டு நிதியும் ஊர்க்குழு அமைப்பும் தோட்டங்களுக்குச் செல்லாமைக்கு இக்கருத்தே காரணமாயிற்று. ‘தோட்டத்தைத் துரை பார்ப்பார்’ என்று மன்றமும், ‘ஊரை மன்றம் பார்க்கும்’ என்று தோட்டமும் கருதின. தோட்டத்தை விட்டு வெளியேறிய முதியவர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவரானார்.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய குறையன்று. இலங்கை மலையகத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராக்களில் தலைமுறைகள் வாழ்ந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இயலாதவாறு தடுத்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபைகளே அவர்களுக்குச் சாலை போட முடியாமல் நின்றன. 2018இல் தான் ஒரு திருத்தச் சட்டம் அத்தடையை அகற்றியது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டுக் கடமையை முதலாளிக்கே விட்டது. 2024இல் நெல்லை மாவட்டத்து மாஞ்சோலையில் தேயிலை நிறுவனம் விலக முற்பட்டபோது, வேலையோடு வீடும் போகும் என்ற அச்சம் நான்கு தலைமுறையாக வாழ்ந்த மக்களை வாட்டியது. மூன்று நாடுகள், மூன்று சட்டங்கள், வினா மட்டும் ஒன்றே.

வாடகை அறைகளும் முதியோர் இல்லங்களும்

தோட்டத்தை நீங்கியவர்க்கு எஞ்சியது வாடகை வாழ்க்கை. கடைவீட்டு மாடிகளிலும் பலகை வீடுகளிலும் பலர் சேர்ந்து தங்கும் அறைகள் சிறு நகரங்களில் பெருகின. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948க்கு முன் எழுந்த கட்டடங்களையே காத்தது. அதுவும் 1997இல் நீக்கப்பட்டது. அறையை வாடகைக்கு விடுபவரும் எடுப்பவரும் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தமே எல்லாமாகிய நிலையில், வலுவற்ற முதியவர்க்குப் பேரம் பேசும் ஆற்றல் ஏது?

முதியோர் நலனைப் பொறுத்தவரை, 1946இல் தோன்றிய சமூக நல இலாகாவே முதன்மையான அமைப்பு. ஆதரவற்ற முதியோர்க்கு ஸ்ரீ கெனாங்கான் இல்லங்களும், வறிய முதியோர்க்கு மாத உதவித்தொகையும் அதன் பொறுப்பில் அமைந்தன. 1982இல் வியன்னாவில் ஐக்கிய நாடுகள் அவை முதுமை பற்றிய உலக மாநாட்டைக் கூட்டியது. 1993இல் பராமரிப்பு நிலையச் சட்டம் வந்தது. 1995இல் முதியோர்க்கான தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. 2018இல் தனியார் முதியோர் சுகாதார நிலையங்களுக்கான சட்டம் நிறைவேறியது. இச்சட்டங்களின்படி ஒரு முதியோர் இல்லம் நடத்துவோர் இலாகாவிடம் பதிவும், தீயணைப்புத் துறையின் ஒப்புதலும், ஊராட்சி மன்றத்தின் கட்டட அனுமதியும் பெற வேண்டியவராகின்றனர். ஒரு படுக்கையின் பாதுகாப்பைப் பல அலுவலகங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கீடு நன்று, ஆயின் ஒருவர் பார்ப்பார் என்று மற்றொருவர் இருந்துவிட்டால் பார்ப்பார் எவருமிலர்.

2024 தந்த பாடம்

காலம் மாறிற்று. தோட்டத் தமிழரின் பிள்ளைகள் கல்வி பெற்று ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கினர். கொழுந்து கிள்ளும் வரிசைகளிலும் கறித் தோட்டங்களிலும் வங்காளதேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர், மியன்மார் நாட்டார் நிறைந்தனர். அன்று தமிழர் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கின்றனர். 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 446ஆம் சட்டம், தோட்டம் மட்டுமன்றி எல்லாத் துறை முதலாளிகளையும் கட்டுப்படுத்தியது. உறைவிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். உறங்கும் இடம் ஒருவருக்கு 3 சதுர மீட்டருக்குக் குறைதல் ஆகாது என்றெல்லாம் அது வகுத்தது.

ஆயினும் 2024 ஜனவரி 26ஆம் நாள் பின்னிரவில் கம்போங் ராஜாவின் புளூ வேலிப் பகுதியில் மலைச்சரிவு நேர்ந்தது. உறங்கிக் கொண்டிருந்த மியன்மார் நாட்டவர் ஐவர் மண்ணில் புதையுண்டு மாண்டனர். சரிவின் அடியில் உறைவிடம் அமையலாமா என்பதைச் சான்றிதழ் தரும் இலாகாவும், நிலத்தை ஆளும் அலுவலகமும், கட்டடத்தை ஒப்பும் மன்றமும் ஒருங்கே அமர்ந்து கேட்க வேண்டும். உழைக்க வந்தவன் உறங்கும் கூரை எவர் பொறுப்பு என்னும் பழைய வினாவையே அந்த ஐந்து உயிர்களும் புதிதாக எழுப்பிச் சென்றன.

முடிவுரை

வேலையோடு பிணைந்த வீடு முதுமைக்கு அரணாகாது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. குடியிருப்பின் மேற்பார்வை தொழில் உறவைச் சார்ந்து நில்லாமல் குடியிருப்பவரைச் சார்ந்து நிற்க வேண்டும். அவ்வாறு நிற்கத்தக்க அமைப்பு மக்களுக்கு மிக அண்மையிலுள்ள ஊராட்சி மன்றமே. மன்ற அலுவலர் தோட்டத்து வாசலைக் கடப்பதும், வாடகை அறைகளைப் பார்வையிடுவதும், தனித்து வாழும் முதியோரைக் கணக்கெடுத்துச் சமூக நல இலாகாவுக்கு அறிவிப்பதும் அருளன்று, கடமை.

மாணவர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தோட்டங்களின் வரலாறு கோப்புகளில் பாதியும் முதியோர் நினைவில் பாதியுமாகக் கிடக்கிறது. கோப்புகள் காப்பகங்களில் இருக்கும், நினைவுகள் காத்திரா. ஆயாக்கொட்டகையில் தொட்டில் ஆட்டிய கைகள் ஓயுமுன் அவர்தம் வாழ்வைக் கேட்டு எழுதிவைப்பது தமிழ் கற்போர் செய்யத்தக்க பணி. கூரை யாருடையது என்ற வினாவுக்கு விடை காணுமுன், அக்கூரையின் கீழ் யார் யார் வாழ்ந்தனர் என்பதையாவது நாடு அறிந்திருத்தல் வேண்டும்.