ரேடியோ நெல்லும் பேட்டரிக்கட்டையும்

"உன் வேலை என்னன்னு எல்லாருக்கும் புரியிற மாதிரி எழுதுப்பா" என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ரேடியோ ரிசீவர்களை வடிவமைப்பது என் தொழில். இதற்கும் நம் தஞ்சை வயலுக்கும் பழைய உறவு உண்டு.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. ஆனால் அன்றைய வால்வு ரேடியோவை வரப்புக்கா தூக்கிப் போக முடியும்? வால்வுக்குள் இருக்கும் இழையைச் சூடேற்றினால்தான் அது வேலை செய்யும். கரண்ட் இல்லாத ஊரில் இழைக்கு ஒரு பேட்டரி, அதோடு 90 வோல்ட் அளவுக்கு இன்னொரு பேட்டரிக் கட்டு வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

1947 இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடேற்ற இழை கிடையாது; டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரிக்கட்டையே போதும் என்றானது. ரேடியோ வயலுக்கு வந்தது.

இதற்கிடையே 1960இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏடிடி 27 ரகத்தைத் தந்தது. ஜப்பான் நெல்லையும் நம் நெல்லையும் கலந்து உருவாக்கிய, சுமார் 105 நாளில் விளையும் குறுவை ரகம். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் அதன் சாகுபடி முறையை எடுத்துச் சொல்ல, நம் விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்! விதை தந்த பெருமை ஆடுதுறைக்கு. சேதி சொன்ன பெருமை திருச்சிக்கு. ஒரு சின்னப் பங்கு பேட்டரிக்கட்டைக்கும் உண்டு என்பேன்.

அன்றைய விவசாயி நிகழ்ச்சி நேரத்துக்கு ரேடியோவைத் திருகுவார், முடிந்ததும் அணைப்பார். இன்று வயலில் நீர்மட்டம் அளக்கும் கருவிக்கோ கட்டளை எப்போது வரும் என்று தெரியாது. காத்திருப்பதுதான் அதற்குப் பெரிய செலவு. 10 மில்லிவாட்டில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு பொத்தான் பேட்டரி மூன்றே நாளில் தீர்ந்துவிடும். 10 மைக்ரோவாட்டுக்கு இறக்கினால் கணக்குப்படி ஏழு வருஷத்துக்கு மேல் தாங்கும்.

அங்கேதான் சிக்கல். மின்சாரத்தைக் குறைக்கக் குறைய ரிசீவரின் காது மந்தமாகும். தூரத்துச் சேதி கேட்காது. தண்ணீரைப் போலவே சேதியும் கடைமடைக்குக் கடைசியாகத்தான் போகும் என்றால், நாம் படித்த படிப்பால் என்ன பயன்? காதும் கூர்மையாக இருக்கணும், பேட்டரியும் தாங்கணும். அந்த இரண்டையும் சேர்ப்பதுதான் என் அன்றாட மல்லுக்கட்டு. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் தம்பி, தங்கைகளே, இதில் இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வாருங்கள்!