ஸ்பீக்கருக்குள் ஒரு பல்பு

கொஞ்சம் விலை கொடுத்துக் கார் ஸ்பீக்கர் செட்டு வாங்கினால், அதோடு உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டியும் தருவார்கள். கிராஸ்ஓவர் என்று பெயர். கதவின் உள் அட்டைக்குப் பின்னால் மாட்டிவிட்டால் அப்புறம் அதை யாரும் பார்ப்பதில்லை. சில பெட்டிகளைத் திறந்தால் கண்டென்சருக்கும் காயிலுக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பு உட்கார்ந்திருக்கும். யாருக்கும் வெளிச்சம் காட்டாத பல்பு. என் மாப்பிள்ளையின் காரில் அதைப் பார்த்த நாளிலிருந்து, அது அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெட்டியின் வேலை. பெரிய ஸ்பீக்கரான வூஃபருக்குத் தாழ்ந்த ஒலிகள் போக வேண்டும், சின்ன ட்வீட்டருக்கு உயர்ந்த ஒலிகள் மட்டும் போக வேண்டும். காயில் தாழ்ந்ததை விடும், உயர்ந்ததைத் தடுக்கும். கண்டென்சர் அதற்கு நேர் எதிர். இரண்டையும் வைத்துப் பாட்டைப் பங்கு பிரிக்கிறார்கள். ட்வீட்டருக்குப் பங்கு குறைவு, ஏனென்றால் அதற்கு உடம்பில் தெம்பில்லை. உள்ளே சுற்றியிருக்கும் கம்பி தலைமுடி போல மெல்லியது. தொடர்ந்து சில வாட் போனாலே சூடாகிக் கருகிவிடும்.

வீட்டில் இது பெரிய தொல்லை இல்லை. காரில்தான் தொல்லை. என்ஜின் சத்தம், காற்று, ரோட்டு இரைச்சல் எல்லாவற்றையும் மீறிக் கேட்க வேண்டுமென்று வால்யூமைத் திருப்புகிறோம். ஆனால் செட்டுக்குக் கிடைப்பது பேட்டரியின் 12 வோல்ட், வண்டி ஓடும்போது 14 சொச்சம். அதை வைத்துக்கொண்டு சாதாரணக் கார் செட்டு ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுப்பதே அதிகம், அட்டைப்பெட்டியில் 50 என்று அச்சடித்திருந்தாலும். அதற்கு மேல் திருப்பினால் ஒலி அலை மேலே ஏற இடமில்லாமல் தலை மழுங்கிப்போகிறது. மழுங்கிய அலையில், பாட்டில் இல்லாத உயர்ந்த ஒலிகள் புதிதாகப் பிறக்கின்றன. அலை முழுக்கச் சதுரமாகிவிட்டால், அதே உயரமுள்ள ஒழுங்கான அலையைப் போல இரண்டு மடங்கு சக்தி. புதிதாகப் பிறந்த உயர்ந்த ஒலிகளுக்குக் கண்டென்சர் தாராளமாக வழி விடும். எல்லாம் ட்வீட்டரின் தலையில் வந்து விழும். பெரிய ஆம்பிளிஃபயரைவிட, சக்திக்கு மீறித் திருப்பிய சின்ன ஆம்பிளிஃபயர் ட்வீட்டரைக் கொல்வது இப்படித்தான்.

காவல் வைப்பது என்ற யோசனை காரைவிடப் பழையது. பாரிஸில் கடிகாரத்துக்குப் பேர்போன ப்ரெகே குடும்பத்தைச் சேர்ந்த லூயி ப்ரெகே, 1847-ல் தந்தி நிலையங்களுக்கு ஒரு வழி சொன்னார். மின்னல் தந்திக் கம்பியில் இறங்கினால் உள்ளே இருக்கும் கருவிகள் பாழாகும். ஆகவே நுழையும் இடத்தில் ஒரு மெல்லிய கம்பியை வையுங்கள், அது உருகித் தன்னை அழித்துக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும் என்றார். ஃபியூஸின் முன்னோடி அதுதான். 1890-ல் எடிசன் தன் மின் விநியோக ஏற்பாட்டின் ஒரு பகுதியாக ஃபியூஸுக்குக் காப்புரிமை வாங்கினார். ஈயத்தில் செய்ததால் பிரெஞ்சில் அதற்கு 'ப்ளோம்' என்றே பெயர். கோபத்தில் நிதானம் இழந்தவனைப் பார்த்து, ப்ளோம் வெடித்துவிட்டது என்று இன்றும் சொல்வார்கள். நம் பக்கத்தில் ஃபியூஸ் போச்சு என்றால் அர்த்தம் வேறு!

ட்வீட்டருக்கும் ஃபியூஸ் போட்டுப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. பாட்டு என்பது ஒரே சீராகப் போகும் கரண்ட் இல்லை. கைத்தாளத்தின் ஒரு அடி கண நேரம் சுரீரென்று வந்து போகும். அது ட்வீட்டரை ஒன்றும் செய்யாது. அரை நிமிஷம் விடாமல் வரும் இரைச்சல்தான் ஆபத்து. சின்ன ஃபியூஸ் போட்டால் கைத்தாளத்துக்கே போய்விடும், பெரிது போட்டால் ட்வீட்டர் முதலில் போகும். போன ஃபியூஸை மாற்றக் கதவு அட்டையைக் கழற்ற வேண்டும். பிறகு நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்: சிகரெட் பெட்டி வெள்ளித்தாள்.

பல்பு இங்கேதான் வருகிறது. எடிசனின் முதல் பல்பு இதற்கு உதவாது. அதன் இழை கரி, சூடானால் கரியின் தடை குறையும். பின்னால் வந்த டங்ஸ்டன் இழைக்குக் குணம் நேர்மாறு, சூடாகச் சூடாகத் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறும். இந்தக் குணத்தை வேலைக்கு வைத்தவர்களில் பேர் பெற்றவர் வில்லியம் ஹியூலெட். 1939-ல் ஸ்டான்ஃபோர்ட் மாணவராக அவர் செய்த ஒலி அலை உண்டாக்கும் கருவியில் ஒரு சாதாரண சின்ன பல்பை வைத்தார். அலை பெருத்தால் இழை சூடாகும், தடை கூடும், அலை தானாக அடங்கும். காசு செலவில்லாத கண்காணிப்பாளர்! அவரும் பேக்கார்டும் தொடங்கிய கம்பெனியின் முதல் சரக்கு அதுதான். டிஸ்னி நிறுவனம் 'ஃபான்டேசியா' படத்தின் ஒலிக்காக அந்த வகையில் எட்டு வாங்கியது.

பின்னாளில் மேடை ஸ்பீக்கர்களிலும் கார் ஸ்பீக்கர்களிலும் ட்வீட்டருக்கு முன்னால் பல்பு வைத்ததும் இதே குணத்தை நம்பித்தான். கார் இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்திருக்கும்போது அரை ஓம் சொச்சம், இருப்பதே தெரியாது. முழுதாக எரியும்போது ஏறக்குறைய 7 ஓம். ட்வீட்டர் 4 ஓம் என்றால், வரும் சக்தியில் பாதிக்கு மேல் பல்பே வாங்கி வெளிச்சமாகவும் சூடாகவும் கழித்துவிடும். இழை சூடாகக் கொஞ்ச நேரம் பிடிப்பதால் கைத்தாள அடி தடையில்லாமல் போய்விடும். அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது உடனே புரிந்தது. ஃபியூஸ் ஃபைலைத் திருப்பி அனுப்புகிறது, பல்பு மேஜையில் வைத்து மெதுவாக நகர்த்துகிறது.

குறையும் உண்டு. பல்பு சூடாகும்போது பாட்டின் ஏற்ற இறக்கம் அமுங்குகிறது. கார்க் கதவு அடித்துச் சாத்தும் அதிர்ச்சியும் இழைக்கு ஆகாது.

இன்னொரு வழிக்கும் விதை விழுந்தது 1939-ல்தான். பெல் ஆய்வகத்தின் ஜெரால்ட் பியர்சன், சூடானால் கரண்டை மறிக்கும் ஒரு கலவைக்குக் காப்புரிமை கேட்டார். பின்னாளில் சூரிய மின்கலம் செய்த மூவரில் ஒருவர் இவர். அந்த யோசனை கடைச் சரக்காகி, ரேகெம் கம்பெனியின் 'பாலிஸ்விட்ச்' என்ற பெயரில் பரவியது 1980களில். பிளாஸ்டிக்குக்குள் கரித்தூள். தூள்கள் ஒன்றையொன்று தொட்டிருக்கும்வரை கரண்ட் ஓடும். சூடேறினால் பிளாஸ்டிக் உப்பும், தூள்கள் விலகும், தடை பல நூறு மடங்கு ஏறும். ட்வீட்டர் கப்சிப். வால்யூமைக் குறைத்தால் ஆறிச் சுருங்கி மறுபடி வழிவிடும். எதையும் மாற்ற வேண்டாம். ட்வீட்டர் முற்றிலும் ஊமையாகாமலிருக்க, சிலர் அதற்கு இணையாக ஒரு தடையையோ, நம்ம பல்பையோ சேர்க்கிறார்கள்.

மலிவு ஸ்பீக்கர்களில் இது எதுவும் கிடையாது, ஒரே ஒரு கண்டென்சரோடு சரி. ட்வீட்டர் கருகினாலும் வூஃபர் பாடிக்கொண்டே இருக்கும். எழுபது தாண்டிய நம் காதுக்கு அந்த உயர்ந்த ஒலிகள் ஏற்கெனவே எட்டுவதில்லை என்பதால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். காரில் பாட்டைப் போட்டு, பேரனையோ பேத்தியையோ ஒவ்வொரு ட்வீட்டராகக் காது வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.